பாளையங்கோட்டை வெயிலில் தண்ணீர் லூப்: ஒரு கத்திரி தாண்டிய பிறகு

போன வருஷம் கத்திரி வெயில் நேரம், மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் பெருமாள்புரம் வீட்டு மொட்டைமாடி அறையில் கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்தால், கிராபிக்ஸ் கார்டின் மூன்று ஃபேனும் சேர்ந்து போடுகிற சத்தத்தைக் கேட்டுக் கீழே இருந்து அம்மா "மோட்டார் ஓடுதா, தொட்டி நெறஞ்சிட்டான்னு பாரு" என்று குரல் கொடுப்பாள். அறையில் 37 டிகிரி. கார்டு 76 டிகிரி, அதற்குள் ரொம்பச் சூடான புள்ளி 88. இதெல்லாம் கார்டு தாங்குகிற அளவுதான், கெட்டுப்போகாது. ஆனால் ஹெட்போனைத் தாண்டிக் காதில் விழுகிற அந்த இரைச்சலோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தலைவலி வந்துவிடும். ஆனி மாதம் முழுக்கத் திட்டம் போட்டு, ஆடியில் கஸ்டம் வாட்டர் கூலிங் லூப் ஒன்று கட்டினேன், அதாவது பம்ப் சுற்றவிடுகிற தண்ணீர் சிப்பின் சூட்டை வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் விட்டுவிட்டுத் திரும்பி வருகிற ஒரு குழாய்ச் சுற்று. இப்போது இந்த வருஷக் கத்திரியும் முடிந்துவிட்டது. ஒரு முழு வெயில் காலம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கிற இந்த வகை விமர்சனங்கள் பெரும்பாலும் அறை 20, 22 டிகிரி இருக்கிற ஊர்க்காரர்கள் எழுதியவை. அந்தக் கணக்கை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொண்டால் தப்பாகப் போகும்.

என் கம்ப்யூட்டர் இது: ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசசர், ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு, லியான் லி ஓ11 டைனமிக் ஈவோ கேபினட், 1000 வாட் பவர் சப்ளை. 4090 கார்டுக்கு என்விடியா சொல்லும் உச்ச அளவு 450 வாட். நான் விளையாடுகிற கேம்களில் 350 முதல் 400 வரை இழுக்கிறது. பிராசசர் பாவம், கேம் ஓடும்போது 60, 70 வாட்டுக்கு மேல் கேட்பதே இல்லை. ஆக மொத்தம் சுமார் 450 வாட் சூட்டை எங்காவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், அதுவும் சத்தமில்லாமல். பம்ப்பும் ரேடியேட்டரும் சேர்த்துக் கடையில் ரெடிமேடாக விற்கிற ஏஐஓ கூலர் பிராசசரை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். என் பிரச்சினையோ கார்டில் இருந்தது. அதனால்தான் இரண்டையும் ஒரே தண்ணீரில் இணைக்கிற லூப்.

திட்டம் போடுவதற்கு முன்னால் மனசில் பதிய வேண்டியது ஒன்றுதான். தண்ணீர் எதையும் குளிர்விப்பதில்லை, சூட்டைச் சுமந்துகொண்டு போகிறது, அவ்வளவுதான். குளிர்விப்பது ரேடியேட்டர் வழியாகப் போகும் காற்று. அந்தக் காற்று நம் அறைக் காற்று. அறை 37 என்றால் லூப்பில் உள்ள தண்ணீர் 37-க்குக் கீழே ஒருநாளும் போகாது. சித்திரை மாதம் மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீரில் கை கழுவிய யாருக்கும் இது புரியும். தொட்டி எவ்வளவு பெரிசாக இருந்தால் என்ன, குழாயைத் திறந்தால் கை சுடத்தானே செய்கிறது?

இதைச் சொல்வதற்குக் காரணம், நான் பேசிப் பார்த்த முக்கால்வாசிப் பேர் லூப்பின் தொட்டியான ரிசர்வாயரைத்தான் முதலில் கேட்கிறார்கள். பெரிய ரிசர்வாயர் வைத்தால் நன்றாகக் குளிரும் என்று ஒரு நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4,186 ஜூல் வேண்டும். 450 வாட் என்றால் விநாடிக்கு 450 ஜூல். ஆக, ரேடியேட்டரே இல்லையென்றால் ஒன்பது, பத்து விநாடிக்கு ஒரு டிகிரி ஏறும். 37-ல் தொடங்கி 60 டிகிரிக்குப் போக நாலு நிமிஷம்கூடப் பிடிக்காது. இன்னொரு லிட்டர் கூட ஊற்றினால் இன்னொரு நாலு நிமிஷம் தள்ளிப்போகும், அவ்வளவே பலன். ரிசர்வாயர் என்பது காற்றுக் குமிழி வெளியேறவும், தண்ணீர் ஊற்றவும், மட்டம் பார்க்கவும் ஒரு இடம். சின்னதாக வாங்கி, மிச்சக் காசை ரேடியேட்டரில் போடுங்கள்.

ரேடியேட்டர் எத்தனை வேண்டும்? ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் இடத்துக்கு 100 வாட் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஃபேனை நடுத்தர வேகத்தில் ஓட்டினால் அது சரி. நான் கேட்டது சத்தமில்லாமை, அதனால் 75 வாட் என்று வைத்துக்கொண்டேன். 450-ஐ 75-ஆல் வகுத்தால் ஆறு ஃபேன், அதாவது 360 ரேடியேட்டர் இரண்டு. ஒன்று கேபினட் மேலே, ஒன்று பக்கவாட்டில். அல்ஃபாகூல் நெக்ஸ்சாஸ் எஸ்டி30 என்று 30 மில்லிமீட்டர் கனத்தில் வருவதை வாங்கினேன். தடித்தது வாங்கினால் அதில் காற்றைத் தள்ள ஃபேன் வேகமாக ஓட வேண்டும், மறுபடி சத்தம். 30 ரேடியேட்டர், 25 ஃபேன், மொத்தம் 55 மில்லிமீட்டர். வாங்குவதற்கு முன்னால் ஸ்கேல் வைத்து அளந்தேன். மேலே மதர்போர்டின் பவர் கேபிளுக்கும் ஃபேனுக்கும் நடுவில் ஒரு விரல் போகிற இடம்தான் இருந்தது. அளக்காமல் 45 மில்லிமீட்டர் ரேடியேட்டரை வாங்கியிருந்தால் திருப்பி அனுப்ப அலைந்திருப்பேன்.

இந்த ரேடியேட்டரை நான் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் அது முழுக்கச் செம்பு. வண்ணார்பேட்டைப் பக்கம் லாரி, பஸ் ரேடியேட்டருக்கு ஈயம் வைக்கிற பட்டறை ஒன்று இருக்கிறது, அங்குள்ள அண்ணாச்சியிடம்தான் இதைப் பற்றி முதலில் கேட்கப் போனேன். கம்ப்யூட்டருக்கு ரேடியேட்டரா என்று அவர் ஆச்சரியப்படவில்லை. சூடாகிறது எதுவானாலும் தண்ணீர் ஓட வேண்டியதுதானே என்றார். அறுத்துப் போட்டிருந்த பழைய ரேடியேட்டர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். குழாய்க்குள்ளே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக உப்பு, சில குழாயில் ஊசிகூட நுழையாது.

"இது போர் தண்ணி ஊத்துன வண்டி, தம்பி. ஆத்துத் தண்ணி ஊத்துனாலும் எனக்கு வேலை வரத்தான் செய்யும், கொஞ்சம் லேட்டா வரும்."

"அலுமினியமும் செம்பும் சேர்த்துப் போட்டா என்ன ஆகும் அண்ணாச்சி?"

"ஒரே தண்ணியில ரெண்டும் நின்னா ஒண்ணை ஒண்ணு தின்னுரும். அலுமினியம்தான் சாகும்."

புத்தகத்தில் கால்வானிக் அரிப்பு என்று போட்டிருப்பதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கிற பிளாக் செம்பு, நிக்கல் பூச்சு, டியூப்பை மாட்டுகிற ஃபிட்டிங் பித்தளை, ரேடியேட்டர் செம்பு. இந்த வரிசையில் அலுமினியம் ஒரு துண்டுகூட வரக் கூடாது. விலை மலிவாகக் கிடைக்கிற சில ரேடியேட்டர்கள் அலுமினியம், அட்டைப்பெட்டியில் பெரிசாக எழுதியிருக்க மாட்டார்கள், விவரக் குறிப்பில் தேடிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தண்ணீர் விஷயம். குழாய்த் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், பேட்டரிக் கடைத் தண்ணீர் என்று பலரும் பலதைச் சொல்வார்கள். நான் ஊற்றியது துரு தடுப்பானும் பாசி தடுப்பானும் கலந்து ரெடியாக வருகிற நிறமில்லாத கூலண்ட், ஒரு லிட்டர் பாட்டில். பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்த பிறகு வாளியில் மிச்சமிருக்கும் தண்ணீர் போலப் பால் நிறத்தில், ரோஸ் நிறத்தில், முத்து மினுமினுப்போடு வருகிற கூலண்டுகள் படத்தில் அழகாகத்தான் இருக்கின்றன. அவற்றில் நிறத்துக்காகக் கலந்திருக்கிற நுண்துகள் நாளாக ஆக அடியில் படியும். தென்காசியில் இருக்கிற என் நண்பன் அப்படி ஒன்றை ஊற்றி, எட்டு மாதத்தில் பிராசசர் பிளாக்கைத் திறந்தபோது உள்ளே தயிர் ஒட்டிய மாதிரி இருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பிளாக்குக்குள் இருக்கிற செம்புத் தகடுகளின் இடைவெளி தலைமுடி சில சேர்த்து வைத்த அளவுதான், அதில் எது ஒட்டினாலும் ஓட்டம் நின்றுபோகும்.

டியூப் விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் மன வருத்தம் உண்டு, ஏனென்றால் கண்ணாடி மாதிரி வளைத்த ஹார்ட் டியூப் லூப்பைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. பிஇடிஜி என்கிற பிளாஸ்டிக் டியூப்பை ஹீட் கன் வைத்து வளைக்கலாம், பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் கூலண்ட் 60 டிகிரியை நெருங்கினால் அது இளக ஆரம்பிக்கும் என்று எச்சரிக்கிறார்கள். 22 டிகிரி அறையில் 60 வெகு தூரம். நம் ஊரில் 37-ல் தொடங்குகிறோம், ஃபேன்கள் எல்லாம் நின்றுபோனால் என்று நினைத்தால் மேலே சொன்ன நாலு நிமிஷக் கணக்கு ஞாபகம் வருகிறது. அதனால் கறுப்பு இபிடிஎம் ரப்பர் டியூப், உள்ளே 10, வெளியே 16 மில்லிமீட்டர். பார்க்க வாஷிங் மெஷின் ஹோஸ் மாதிரி இருக்கும், யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள். ஆனால் சூட்டுக்கு அசையாது, தெளிவான பிவிசி டியூப் மாதிரி நாளடைவில் மங்கிப்போய்ப் பிசுபிசுப்பைத் தண்ணீரில் விடாது, கழற்றி மாட்ட பத்து நிமிஷம். இந்த லூப்பில் நான் எடுத்த முடிவுகளில் இதற்குத்தான் முழு மதிப்பெண்.

பம்ப், டி5. லைங் நிறுவனம் உருவாக்கியது, இப்போது சைலம் பெயரில் வருகிறது, பல பிராண்டுகள் இதே மோட்டாரைத்தான் தங்கள் மூடி போட்டு விற்கின்றன. இதற்கு நல்ல பெயர் இருப்பது நியாயம்தான். நான் முழு வேகத்தில் ஓட்டுவதே இல்லை, பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்திருக்கிறேன், நிமிஷத்துக்கு மூன்று லிட்டர் சுற்றுகிறது, காதை வைத்தால்தான் கேட்கும். மூன்று லிட்டர் போதுமா என்றால், அதிலும் கணக்கு இருக்கிறது: 450 வாட் சூட்டை நிமிஷத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீர் சுமந்தால், லூப்பின் ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் அதிகபட்ச வித்தியாசம் இரண்டு டிகிரி சொச்சம். இது தெரிந்த பிறகு, கார்டுக்கும் பிராசசருக்கும் நடுவில் கட்டாயம் ஒரு ரேடியேட்டர் வர வேண்டும் என்று நான் வரைந்து வைத்திருந்த சிக்கலான வரைபடத்தைக் கிழித்துப் போட்டேன். எது முன்னால் வந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, டியூப் எந்த வழியில் குட்டையாகப் போகிறதோ அந்த வழியில் விடுங்கள். ரிசர்வாயர் மட்டும் பம்ப்புக்கு முன்னாலும் அதைவிட உயரத்திலும் இருக்க வேண்டும், ஏனென்றால் டி5-க்குள் இருக்கும் பேரிங்குக்குத் தண்ணீர்தான் எண்ணெய். காய்ந்து ஓடினால் போச்சு.

கார்டு பிளாக்கில்தான் எனக்கு அடி விழுந்தது. 4090 என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு நிறுவனத்தின் சர்க்யூட் பலகையும் வேறு வேறு. கெபாசிட்டர் ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும் பிளாக் உட்காராது. வெளியூர் இணையக் கடை ஒன்றில் கார்டின் முழு மாடல் எண்ணையும், பலகையின் போட்டோவையும் அனுப்பி, "இது சேரும்" என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் பணம் கட்டினேன். வந்ததோ வேறு பலகைக்கான பிளாக். கார்டின் ஒரிஜினல் கூலரைக் கழற்றிய பிறகு, பிளாக்கை மேலே வைத்துப் பார்க்கும்போது ஒரு மூலை ஆடியது, டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு சோக் காயிலில் பிளாக் இடித்துக்கொண்டு நிற்கிறது. நல்லவேளை ஸ்குரூவை முறுக்கவில்லை. முறுக்கியிருந்தால் ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல் போட்டு வாங்கிய கார்டு போயிருக்கும். திருப்பி எடுக்க மூன்று வாரம், பதினேழு மெயில், கூரியர் செலவு என் தலையில். அந்த மூன்று வாரமும் கார்டு பிரித்தபடி ஆன்டிஸ்டேட்டிக் கவரில் பீரோவுக்குள் இருந்தது. நேரில் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லலாம், ஆனால் திருநெல்வேலியில் இந்தச் சாமான் எந்தக் கடையிலும் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள், எல்லாம் ஆர்டர் போட்டு வரவழைப்பதுதான். அதனால் என் யோசனை: பிளாக் கையில் வந்து, கார்டின் மேல் ஸ்குரூ இல்லாமல் வைத்து, நாலு மூலையும் ஆடாமல் நிற்கிறதா என்று பார்க்கும்வரை மற்ற எதையும் வாங்காதீர்கள். சூட்டைக் கடத்த நடுவில் வைக்கிற மெத்தென்ற தெர்மல் பேட்டின் கனத்தையும் கையேட்டில் சொன்னபடியே போட வேண்டும், ஒரு மில்லிமீட்டர் கேட்ட இடத்தில் ஒன்றரை வைத்தால் சிப்பின் மேல் பிளாக் பதியாது.

புது ரேடியேட்டரைக் கழுவாமல் மாட்டக் கூடாது. டிஸ்டில்டு வாட்டரைச் சூடாக்கி ரேடியேட்டருக்குள் ஊற்றி, இரண்டு வாயையும் அடைத்து, இளநீரை ஆட்டிப் பார்ப்பது போல ஆட்டி, வெள்ளைப் பேசினில் கொட்டினேன். முதல் தண்ணீரில் கறுப்பாக மிளகுப் பொடி தூவிய மாதிரி துகள், கூடவே ஈயம் வைக்கும்போது போடுகிற ஃப்ளக்ஸின் பிசுக்கு மேலே எண்ணெயாக மிதந்தது. ஐந்தாவது தடவை கொட்டியபோதுதான் பேசினின் அடி தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பொடி எல்லாம் நேராகப் பிளாக்குக்குள் போயிருக்க வேண்டியது.

மாட்டி முடித்ததும் தண்ணீர் ஊற்றவில்லை. முதலில் காற்று. அழுத்தமானி வைத்த சின்னக் கைப்பம்ப் ஒன்றை ரிசர்வாயரின் வாயில் முறுக்கி, 0.5 பார் வரை ஏற்றி முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் முள் 0.4-க்கு வந்துவிட்டது. எங்கேயோ கசிகிறது. மின்பாகங்களின் மேல் சோப்பு நுரை தடவவா முடியும்? லூப்பைப் பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் பிளக் போட்டு அடைத்துச் சோதித்தேன். மேல் ரேடியேட்டர் சரி. பக்க ரேடியேட்டர் சரி. பிராசசர் பிளாக்கில் இறங்கியது. இடது ஃபிட்டிங்கைக் கழற்றினால், ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் பள்ளத்தில் முழுக்க உட்காராமல் ஒரு ஓரம் வெளியே பிதுங்கி, நகம் பட்ட மாதிரி நசுங்கியிருந்தது. ஸ்பானர் போட்டு இறுக்கியதன் பலன். ஃபிட்டிங்கைக் கையால் இறுக்கினாலே போதும், அடைப்பது ஓ-ரிங்தான், முறுக்கல்ல. புது ஓ-ரிங்கில் கூலண்ட் ஒரு சொட்டுத் தடவி மாட்டினேன், அரை மணி நேரம் முள் அசையவில்லை. அப்புறம்தான் கூலண்ட் பாட்டிலைத் திறந்தேன். பவர் சப்ளையின் 24 பின் கனெக்டரில் ஸ்டார்ட்டர் பிளக் மாட்டி, பம்ப்புக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, கேபினட்டை முன்னும் பின்னும் சாய்த்துச் சாய்த்துக் குமிழியை எல்லாம் வெளியேற்ற ஒரு ராத்திரி ஆனது. இந்தக் காற்றுச் சோதனைப் பம்ப்பை வாங்காமல் யாரும் இந்த வேலையில் இறங்கக் கூடாது. லூப்பின் மொத்தச் செலவில் அதன் விலை ஒரு பொருட்டே இல்லை.

சரி, பலன் என்ன? ஆர்க்டிக் பி12 ஃபேன் ஆறையும் 1000 சுற்றுக்குக் கீழேயே வைத்து, மாடி அறை 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் விளையாடியபோது தண்ணீர் 47, கார்டு 58. முன்பு 76. சத்தம் சீலிங் ஃபேனுக்குள் கரைந்துவிடுகிறது. அம்மா இப்போது தொட்டியைப் பற்றிக் கேட்பதில்லை. பிராசசரில் மட்டும் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். 7800எக்ஸ்3டி-யின் சிப் சின்னது, மேலே இருக்கும் மூடி தடிமன், சூடு அந்த மூடியைத் தாண்டி வெளியே வருவதுதான் கஷ்டம், அதற்கு மேல் தண்ணீர் ஓடினாலும் காற்று ஓடினாலும் அதற்கு ஒன்றுதான். முன்பு 78 இருந்தது, இப்போது 73, 74. அதன் எல்லை 89 டிகிரி என்பதால் எனக்குக் கவலை இல்லை. பிராசசருக்காக மட்டும் இந்தச் செலவைச் செய்ய நினைப்பவர்கள், நல்ல இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்று வாங்கினால் போதும்.

ஃபேன் வேகத்தைப் பிராசசர் சூட்டோடு இணைக்காமல் தண்ணீர்ச் சூட்டோடு இணைத்தது இந்த அமைதிக்குப் பெரிய காரணம். பிராசசர் ஒரு விநாடியில் 20 டிகிரி ஏறி இறங்கும், ஃபேனும் கூடவே கத்தும். தண்ணீர் அப்படி இல்லை, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சென்சார் பிளக் ஒன்றை ரேடியேட்டரின் மிச்ச வாயில் முறுக்கி, மதர்போர்டின் சென்சார் பின்னில் மாட்டினால் முடிந்தது. ஆனால் பிறர் போட்டிருக்கிற அளவுகளைக் காப்பியடிக்காதீர்கள். வெளிநாட்டுக்காரர்கள் தண்ணீர் 40 தொட்டால் ஃபேனை முழு வேகத்தில் வைத்திருப்பார்கள். நமக்கு 40 என்பது சும்மா இருக்கும்போதே வந்துவிடும். நான் 42 வரை ஒரே மெதுவான வேகம், 48-ல் நடுத்தரம், 52 தாண்டினால் முழு வேகம் என்று வைத்திருக்கிறேன்.

இந்தச் சித்திரையில் ஒன்று கற்றுக்கொண்டேன், அது நான் பார்த்த எந்த வீடியோவிலும் வராதது. தண்ணீர் கூலிங் போட்டாலும் அறைக்குள் கொட்டுகிற சூடு அதே 450 வாட்தான், ஒரு வாட்கூடக் குறையாது. மேலே தளம் காய்ந்து அடிக்கிற மொட்டைமாடி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு சின்ன ஹீட்டரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதற்கு அது சமம். ஒரு மணி நேரத்தில் அறையே இரண்டு டிகிரி ஏறும், தண்ணீரும் அதோடு சேர்ந்து ஏறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கீழே வடக்குப் பார்த்த அறைக்குக் கொண்டுவந்தோம் (தண்ணீர் நிரம்பிய லூப் கனக்கும், ஒரு ஆள் தூக்க வேண்டாம்). ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஏற்கெனவே இருந்தது. அதே மத்தியானம் கீழ் அறை 33. தண்ணீர் 43, கார்டு 54. மேலும் ஒரு ரேடியேட்டர் வாங்கினாலும் இந்த நாலு டிகிரி கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். அறையைத்தான் முதலில் மாற்றியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. யார் என்னிடம் கேட்டாலும் முதல் கேள்வி, "எந்த ரூம்ல வைக்கப் போற?"

ஐஸ் போடலாமே என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஒரு கிலோ ஐஸ் முழுக்க உருக 334 கிலோஜூல் வாங்கும், என் கம்ப்யூட்டர் அதைப் பன்னிரண்டு நிமிஷத்தில் கொடுத்துவிடும். ஒரு மணி நேரம் விளையாட ஐந்து கிலோ. அது போக, ஐப்பசி மழையில் அறை 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று இருக்கும்போது 25 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பரப்பிலும் வியர்த்துச் சொட்டும். சொட்டுவது பிராசசரின் மேல். சாதாரண லூப்பில் தண்ணீர் அறையைவிட எப்போதும் சூடாகவே இருப்பதால் அந்தப் பயமே இல்லை. கூடங்குளத்திலேயே உலைக்குள் சுற்றுகிற தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை, உள்ளே மூடிய சுற்று, கடைசியில்தான் கடல். நம் லூப்பும் அப்படி ஒரு மூடிய சுற்று, நமக்குக் கடல் இந்த அறைக் காற்று, அதைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வதுதான் நம்மால் ஆவது.

தூசி. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று நமக்குச் சுகம், ரேடியேட்டருக்கு வினை. ஜன்னலைத் திறந்து வைத்திருந்ததில் இரண்டு மாதத்தில் பக்க ரேடியேட்டரின் தகடுகளுக்கு நடுவில் செம்மண் தூசி பஞ்சு மாதிரி அடைத்து, தண்ணீர் மூன்று டிகிரி ஏறியிருந்தது. ஃபேனுக்கு முன்னால் வலை ஃபில்டர் போட்டு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுகிறேன். இதற்காகத் தனியாக எதையும் வாங்கவில்லை.

வைகாசி கடைசியில் பழைய கூலண்டை இறக்கினேன். லூப்பின் அடியில் டி-ஃபிட்டிங் போட்டு, திறந்து மூடுகிற ஒரு வால்வு வைத்திருந்ததால் கால் மணி நேர வேலை. அது இல்லாமல் கட்டிய நண்பன் டியூப்பைக் கத்தியால் அறுத்து டவலில் பிடித்தான். என் கூலண்ட் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிப் பார்த்தபோது தெளிவாகவே இருந்தது, அடியில் கடுகளவு கறுப்புத் துகள் இரண்டு, மூன்று மட்டும். பிராசசர் பிளாக்கைத் திறந்தேன், செம்பு கொஞ்சம் கருத்திருந்தது, அடைப்பு இல்லை. புதுக் கூலண்ட் ஊற்றியாயிற்று.

செலவு, எனக்கு ஆனதைச் சொல்கிறேன்: எல்லாம் சேர்த்து எண்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. இதில் என்னை அதிர வைத்தது ஃபிட்டிங். ஒன்று 600, 700 ரூபாய் என்று பார்த்தால் பெரிசாகத் தெரியாது, பதினாறு ஃபிட்டிங், நாலு வளைவு, வால்வு, பிளக் என்று கூட்டினால் ஒரு ரேடியேட்டரின் விலையைத் தாண்டிவிடும். முதலில் தாளில் லூப்பை வரைந்து, ஒவ்வொரு முனைக்கும் ஒரு புள்ளி வைத்து எண்ணுங்கள், எண்ணியதற்கு மேல் இரண்டு வாங்குங்கள். ஒன்று குறைந்தால் மறுபடி கூரியருக்கு ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். 200 வாட் இழுக்கிற 4070 மாதிரியான கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவு தேவையே இல்லை என்று அடித்துச் சொல்வேன், நல்ல காற்றோட்டமுள்ள கேபினட் போதும். 4090, அல்லது 575 வாட் கேட்கிற 5090 வைத்திருந்து, சத்தம் பொறுக்காத ஆளாகவும், மாதம் ஒரு மணி நேரம் பராமரிக்க மனசுள்ள ஆளாகவும் இருந்தால் தாராளமாகக் கட்டலாம். 5090 என்றால் இரண்டு ரேடியேட்டர் பத்தாது, மூன்றாவதையும் முதலிலேயே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

என் கேபினட்டில் அடிப்பக்கம் இன்னும் ஒரு 360 போகிற இடம் காலியாக இருக்கிறது, இரண்டு ஃபிட்டிங்கும் மிச்சம் வைத்திருக்கிறேன். போன வாரம் வண்ணார்பேட்டைப் பட்டறைக்குப் போய், இறக்கிய பழைய கூலண்டை ஒரு பாட்டிலில் அண்ணாச்சியிடம் காட்டினேன். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு குலுக்குக் குலுக்கி, அடியைப் பார்த்தார்.

"உப்பு இல்ல. இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்கும், ஏன் தம்பி கொட்டுன?"

பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி பாட்டிலில் எழுதியிருக்கிறது என்றேன். சரிதான், எழுதியிருந்தா மாத்து என்று சொல்லிவிட்டு, லாரி ரேடியேட்டருக்கு ஈயம் வைக்கப் போய்விட்டார்.